உப்பிக்கொண்டு வரும் வியட்நாம் போர்க்கால டின்: உதவி தேவை

வியட்நாம் போரில் இருந்த அமெரிக்க வீரர்களின் சாப்பாட்டு நினைவுகளைத் தொகுத்து வருகிறேன். அதற்காகக் கிடைத்த எம்.சி.ஐ. (போர்க்களத்தில் வீரருக்குத் தரப்பட்ட ஒரு வேளைச் சாப்பாடு) ரேஷன் டின் ஒன்று இரண்டு வாரமாக உப்பிக்கொண்டே வருகிறது. பன்றி இறைச்சியும் லைமா பீன்ஸும். பல வீரர்கள் அடியோடு வெறுத்த அதே டின். 1967 பெட்டியில் வந்தது. ஆலிவ் பச்சை, மூடியில் கறுப்பு எழுத்து. விளிம்பில் துரு. மூடியை லேசாக அழுத்தினால் 'டக்' என்று மேலே வந்துவிடுகிறது.

குளிர்ந்த இடத்துக்கு மாற்றினேன், துருவைத் துடைத்து மெழுகு பூசினேன், அப்புறம் சிலிக்கா ஜெல்லும் வைத்துப் பார்த்தேன். பலனில்லை. கூடவே வந்த ஒன்றரை அங்குல பி-38 டின் திறப்பானால் மூடியை அறுக்க மனம் வரவில்லை. அந்த எழுத்துதான் எனக்கு முக்கியம்.

மூடி கெடாமல், அடிப்பக்கம் வழியாக இப்படி உப்பிய டின்னைப் பத்திரமாகக் காலி செய்வது எப்படி?