இன்டர்நெட் லைன் மாத்துனதுல இருந்து ஆபீஸ் சர்வருக்கு வெளிய இருந்து ஆர்டிபி (ரிமோட் டெஸ்க்டாப்) கனெக்ட் ஆகல, உதவி வேணும்

மாங்கூழ்_கணக்கு:
வணக்கம்ங்க. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில கணக்கு பாக்கறேன். ஆபீஸ்ல விண்டோஸ் சர்வர் 2019, டேலியும் எடைமேடை சாஃப்ட்வேரும் அதுலதான் ஓடுது. ராத்திரி வர்ற பெங்களூரா மாங்கா லோடுக்கு அங்க எடைச்சீட்டு போட்டுருவாங்க, நான் தர்மபுரியில வீட்ல இருந்தே ஆர்டிபியில உள்ள போய் விவசாயி பேர்வாரியா பில் ஏத்திருவேன், காலைல பணம் போயிரும். இப்ப வேற கம்பெனி ஃபைபர் போட்டு புது ரவுட்டர் வச்சதுல இருந்து வெளிய இருந்து கனெக்ட் ஆகவே மாட்டேங்குது. பாஸ்வேர்டு கேக்கற வரைக்கும்கூட போகல, கொஞ்ச நேரம் சுத்திட்டு கம்ப்யூட்டர் ஆஃப்ல இருக்கலாம், நெட்வொர்க்ல இல்லாம இருக்கலாம்னு வருது. ஆபீஸ்க்குள்ள சர்வர் பேரு அடிச்சா உடனே வருது. ரவுட்டர்ல 3389 (ஆர்டிபி போர்ட்) ஃபார்வர்டு, அதாவது வெளிய இருந்து வர்றத சர்வருக்கு திருப்பி விடறது, பழைய மாதிரியே போட்டாச்சு. சீசன் நேரம், பில் ஏறலன்னா விவசாயிங்க பணத்துக்கு அலையறாங்க, அதான் மனசு கேக்கல.

பர்கூர்_நெட்வொர்க்:
உள்ள வருதுன்னா சர்வர்ல குறை இல்ல, ஆர்டிபி சர்வீஸ் ஓடுது. பாஸ்வேர்டு கேக்காமலே நிக்குதுன்னா சர்வர் வரைக்கும் போய் சேரவே இல்ல, அதனால யூசர், பெர்மிஷன் எதையும் இப்ப நோண்டாதீங்க. ரெண்டு விஷயம் பாருங்க சார். புது ரவுட்டர் சர்வருக்கு வேற ஐபி (நெட்வொர்க் முகவரி) குடுத்திருக்கலாம், பேரு அடிச்சு போறதால உங்களுக்கு அது தெரியாது, ஆனா ஃபார்வர்டு பழைய ஐபிக்கே போயிட்டு இருக்கும். சர்வர்ல கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) அடிச்சு ஐபி என்னன்னு பாருங்க. அப்புறம் ரவுட்டர் பேஜ்ல வான் ஐபின்னு (வெளி லைன் பக்கம் ரவுட்டருக்கு கிடைச்ச ஐபி) ஒண்ணு காட்டும், கூகுள்ல என் ஐபி என்னன்னு தேடுனா ஒண்ணு வரும், ரெண்டும் ஒண்ணுதானான்னு சொல்லுங்க.

மாங்கூழ்_கணக்கு:
சர்வர் ஐபி மாறல அண்ணா, ஃபார்வர்டுல இருக்கற அதே ஐபிதான். ஆனா வான் ஐபி 100.78ல ஆரம்பிக்குது, கூகுள்ல பாத்தா சம்பந்தமே இல்லாம வேற நம்பர்.

பர்கூர்_நெட்வொர்க்:
அப்ப இதான் காரணம். 100.64ல இருந்து 100.127 வரைக்கும் உள்ள நம்பர் சிஜிநாட்டுக்குன்னே (CGNAT) ஒதுக்குனது. அதாவது ஒரே பப்ளிக் ஐபிய லைன் குடுக்கற கம்பெனிக்காரன் நிறைய வீட்டுக்கும் கடைக்கும் பிரிச்சு குடுக்கறான், வெளிய இருந்து வர்றது அவன்கிட்டயே நின்னுடும், உங்க ரவுட்டர் வரைக்கும் வராது. நீங்க எத்தன ஃபார்வர்டு போட்டாலும் பிரயோஜனம் இல்ல. பழைய லைன்ல உங்களுக்கு தனி பப்ளிக் ஐபி இருந்திருக்கும். இங்கயும் ஸ்டேட்டிக் ஐபி (மாறாத தனி பப்ளிக் ஐபி) கேட்டு வாங்கலாம், தனியா காசு ஆகும்.

தகடூர்க்காரன்:
ஸ்டேட்டிக் ஐபி வாங்குனாலும் தயவுசெஞ்சு 3389ஐ நேரா வெளிய திறந்து வைக்காதீங்க. பழைய லைன்ல திறந்துதானே இருந்துச்சு, ஈவென்ட் வியூவர்ல செக்யூரிட்டி லாக் போய் 4625ன்னு ஃபில்டர் போட்டு பாருங்க, தப்பு பாஸ்வேர்டு போட்டு உள்ள வர முயற்சி பண்ணதெல்லாம் அதுல இருக்கும். போர்ட் நம்பர மாத்தி வச்சாலும் ஸ்கேன் பண்ணி கண்டுபிடிச்சுடுவாங்க. விவசாயி பேங்க் அக்கவுண்ட் நம்பரெல்லாம் இருக்கற சர்வர், ரான்சம்வேர் (ஃபைலெல்லாம் பூட்டிட்டு பணம் கேக்கற வைரஸ்) புகுந்துச்சுன்னா சீசன் மொத்தமும் போச்சு. சர்வர்லயும் உங்க வீட்டு கம்ப்யூட்டர்லயும் டெயில்ஸ்கேல்ங்கற விபிஎன் சாஃப்ட்வேர் போடுங்க, ரெண்டு பக்கமும் வெளிய போற கனெக்‌ஷன்தான், அதனால சிஜிநாட் தடுக்காது. ஒரே அக்கவுண்ட்ல லாகின் பண்ணிட்டு, அது சர்வருக்கு குடுக்கற ஐபிய ஆர்டிபியில அடிச்சா போதும். ரவுட்டர்ல இருக்கற அந்த ஃபார்வர்ட அழிச்சுடுங்க. முக்கியமா சர்வர்ல இருக்கற டெயில்ஸ்கேல்ல ‘ரன் அன்அட்டெண்டட்’ ஆன் பண்ணுங்க, இல்லன்னா கரண்ட் போய் சர்வர் ரீஸ்டார்ட் ஆனா யாராவது போய் லாகின் பண்ற வரைக்கும் கனெக்ட் ஆகாது. அந்த சர்வருக்கு டெயில்ஸ்கேல்ல கீ எக்ஸ்பயரியும் (லாகின் காலாவதி) ஆஃப் பண்ணிடுங்க, சும்மா விட்டா 180 நாள்ல திரும்ப லாகின் கேக்கும்.

மாங்கூழ்_கணக்கு:
கனெக்ட் ஆயிடுச்சுங்க!! இப்ப தர்மபுரியில இருந்துதான் பில் ஏத்திட்டு இருக்கேன். 4625 பாத்தேன், பக்கம் பக்கமா போகுது, அட்மினிஸ்ட்ரேட்டர்ங்கற பேர்லதான் நிறைய. முதலாளிகிட்டயும் காட்டிட்டேன். ஒரே ஒரு சந்தேகம், நானும் ஆபீஸ் பையனும் உள்ள இருக்கும்போது ஆடிட்டர் வரப் பாத்தா யாரையாவது வெளிய அனுப்பவான்னு கேக்குது, இதுவும் லைன் பிரச்சனையா?

பர்கூர்_நெட்வொர்க்:
இல்ல சார், அது லைசென்ஸ். சும்மா சர்வர்ல ஒரே நேரத்துல ரெண்டு பேருக்குத்தான் அனுமதி, அதுவும் நிர்வாக வேலைக்குன்னு குடுத்தது. மூணாவது ஆளும் வரணும்னா ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்) ரோல் போட்டு சிஏஎல் (CAL) லைசென்ஸ் வாங்கணும், ரோல் போட்டதும் 120 நாள் சும்மா ஓடும், அதுக்குள்ள லைசென்ஸ் ஏத்தலன்னா சாதாரணமா யாரையும் உள்ள விடாது. அதுவரைக்கும் வேலை முடிச்சவங்க ஓரத்துல இருக்கற எக்ஸ் அமுக்காம சைன் அவுட் பண்ணட்டும், எக்ஸ் அமுக்குனா செஷன் உள்ளயே உக்காந்துருக்கும்.