11 வயது டிராவல் பேஸ்பால்: மூன்று டீமுக்கும் ஒரே கட்டணம், பணம் எங்கே போகிறது?

டெக்சாஸ்_அம்மா
வணக்கம். டிராவல் பேஸ்பால் (ஊர் ஊராகப் போய் டோர்னமென்ட் ஆடுவது) கிளப் ஒன்றில் டிரைஅவுட், அதாவது தேர்வு ஆட்டம், முடிந்து, மகனுக்கு கிளப்பின் மூன்றாவது டீமில் இடம் தந்திருக்கிறார்கள். மூன்று டீமுக்கும் ஆளுக்கு 2,400 டாலர்தான். முதல் டீமுக்குச் சம்பளக் கோச், மூன்றாவதுக்கு ஒரு பையனின் அப்பா. ஸ்பான்சர் பிடித்துக் கொடுத்தால் அந்தத் தொகையை நம் கட்டணத்தில் கழிப்பார்களாம். இரண்டு நாளில் பதில் சொல்ல வேண்டும். என்ன கேட்க வேண்டும்?

வரவுசெலவு
டீம் வாரியாக பட்ஜெட் கேளுங்கள், கிளப் மொத்தத்துக்கு அல்ல. 11 பையன்கள் என்றால் வரவு 26,400. செலவு ஏறத்தாழ இப்படிப் போகும்: 10 டோர்னமென்ட், தலா 700 வீதம் 7,000, யூனிஃபார்ம், பை, ஹெல்மெட் ஆளுக்கு 450 வீதம் 4,950, குளிர்காலத்தில் உள்ளரங்கில் வலைக்கூண்டுப் பயிற்சி (இன்டோர் கேஜ்) 4,000, மைதான வாடகை 2,000, இன்சூரன்சும் பந்தும் 1,000, கோச் சம்பளம் 6,000. மீதி 1,450 கிளப் நிர்வாகத்துக்கு.

உங்கள் டீமில் கோச் சம்பளமே இல்லை. அந்த 6,000 எங்கே போகிறது? பல கிளப்புகளில் அது முதல் டீமின் வெளியூர் டோர்னமென்டுக்கும் அங்குள்ள கட்டணச் சலுகைக்கும் போய்விடும். கீழ் டீம் பெற்றோர் மேல் டீமைத் தாங்குகிறோம் என்று தெரியாமலே பணம் கட்டுவது நியாயமே இல்லை. குறைந்தபட்சம் சம்பளப் பயிற்சியாளர் வாரம் ஒரு நாளாவது உங்கள் டீமுக்கு வர வேண்டும். அதை எழுத்தில் வாங்குங்கள்.

ஹோட்டலும் ஆட்டம் பார்க்கப் பெற்றோர் எடுக்கும் கேட் டிக்கெட்டும் இந்தக் கணக்கில் வராது. சில டோர்னமென்டில் அவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்ற விதி உண்டு, அதையும் கேளுங்கள்.

மூன்றாம்_பேஸ்
டீமின் நிறப் பெயரை (ரெட், புளூ போல) வைத்துத் தரம் தெரியாது. டோர்னமென்ட் நடத்தும் யுட்ரிபிள்எஸ்ஏ (USSSA) அமைப்பில் எந்த வகுப்பில் பதிகிறார்கள் என்று பாருங்கள்: கீழிருந்து மேலாக ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ, மேஜர். மூன்றாவது டீமை ஏ-யில் இறக்கினால் ஆட்டம் சமமாக இருக்கும். கிளப் கௌரவத்துக்காக டிரிபிள் ஏ-யில் போட்டால் 15-0 தோல்விதான், வித்தியாசம் அவ்வளவு பெரிதானால் விதிப்படி மூன்று இன்னிங்ஸில் ஆட்டத்தை முடித்துவிடுவார்கள். கட்டிய பணத்துக்குப் பையன் மட்டை பிடிப்பது ஒரே தடவையாகக்கூட இருக்கலாம்.

அடுத்தது பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்). சனி, ஞாயிறில் 4 அல்லது 5 ஆட்டம் வரும். சிறுவர்களின் கையைக் காக்க வகுத்த பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதலில் 11-12 வயதுக்கு ஒரு நாளில் 85 பந்துதான் உச்சம்; 66-ஐ எட்டினாலே 4 நாள் ஓய்வு. ஆகவே ரோஸ்டரில் (டீம் பட்டியலில்) 6, 7 பேராவது பந்து போடத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். மேல் டீமுக்கு ஆள் குறையும்போது கீழ் டீமின் நல்ல பிட்சரை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுக்கொள்வார்கள். இரண்டு டீமின் பந்துக் கணக்கையும் ஒரே ஆள் எழுதாவிட்டால் பையனின் கைக்கு ஆபத்து.

வரிக்கணக்கர்_நியூஜெர்சி
ஸ்பான்சர் விஷயத்தில் கவனம். கிளப் 501(சி)(3), அதாவது வரிவிலக்குள்ள தொண்டு அமைப்பு, என்றால், யார் திரட்டினார்களோ அவர்கள் கட்டணத்திலேயே கழிப்பது தனிநபர் ஆதாயம், அதற்குத் தடை உண்டு. கேபிடல் ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப் (பெற்றோர் நிதி திரட்டும் அமைப்பு) இதே முறையால்தான் வரிவிலக்கை இழந்தது. 2013-ல் வரி நீதிமன்றமும் ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) பக்கமே நின்றது. திரட்டிய பணம் பொதுவில் சேர்ந்து எல்லோர் கட்டணத்தையும் குறைக்கலாம், அல்லது வருமானம் பார்த்து உதவித்தொகையாகத் தரலாம்.

ஐஆர்எஸ் தளத்தில் கிளப்பின் பெயரைத் தேடுங்கள். ஆண்டுக் கணக்கான படிவம் 990-ஐ மூன்று ஆண்டு தொடர்ந்து போடாவிட்டால் விலக்கு தானாகவே ரத்தாகிவிடும். ரத்தான பிறகும் "நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு" என்று ரசீது கொடுத்தால் ஸ்பான்சருக்குத்தான் சிக்கல். கிளப் தனியார் கம்பெனியாக இருந்தால் இந்தத் தடை இல்லை, ஆனால் ஸ்பான்சர் தருவது நன்கொடையாகாது, விளம்பரச் செலவுதான்.

டெக்சாஸ்_அம்மா
மிக்க நன்றி. பாதியில் விலகினால் பணம் திரும்புமா?

வரவுசெலவு
பெரும்பாலும் வராது. ஒரு பையன் போனால் டீமில் 2,400 பள்ளம் விழும், டோர்னமென்ட் பணமோ முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. அட்வான்ஸைக் குறைத்து மாதத் தவணை கேளுங்கள். காயம், ஊர் மாற்றம் இரண்டுக்கும் மட்டுமாவது விதிவிலக்கை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.