பூ வரத்து கூடும் நாளில் டாம்கேட் நின்றுபோகிறது, பில் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உதவி தேவை

வடசேரிக்காரன்

வணக்கம். நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். தோவாளை பூ மார்க்கெட்டில் சில கமிஷன் கடைகள் சேர்ந்து ஒரு பில்லிங் மென்பொருள் வைத்திருக்கிறார்கள். ஜாவாவில் எழுதியது. எழுதிக் கொடுத்தவர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார், பிடிக்க முடியவில்லை. சோர்ஸ் கோடு அந்த மெஷினிலேயே ஒரு ஃபோல்டரில் கிடக்கிறது.

மெஷினில் உபுண்டு, ஜாவா 11, புரோகிராமை ஓட்டும் டாம்கேட் 9, டேட்டாபேஸுக்கு மைஎஸ்க்யூஎல். பிரவுசரிலிருந்து வருவதை வாங்கி டாம்கேட்டுக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் முன்னால் போர்ட் 80-இல் நிற்கிறது, டாம்கேட் 8080-இல்.

விடியற்காலை ஏலம் தொடங்கும்போது எல்லாம் ஒழுங்காக ஓடும். ஒரு கட்டத்தில் பில் சேமிக்கும் பக்கம் மட்டும் சுற்ற ஆரம்பிக்கும். சரியாக ஒரு நிமிஷம் கழித்து 504 (பின்னாலிருந்து பதில் வரவில்லை என்ற பிழை) வரும். அந்த நேரத்தில் லாகின் பக்கம் உடனே திறக்கும். அரை மணி போனால் அதுவும் திறக்காது, மேலே இருக்கும் லோகோ படம்கூட வராது. டாம்கேட்டை ரீஸ்டார்ட் பண்ணினால் சரியாகிவிடும்.

சிபியு 3 சதவீதம்கூட ஏறவில்லை. மெமரி பாதி காலி. டாம்கேட்டின் லாக் ஃபைலான கேட்டலினா.அவுட்டில் ஸ்டார்ட் ஆன வரிகளுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. வந்த ரிக்வெஸ்ட்களைப் பதியும் ஆக்சஸ் லாகிலும் மாட்டிக்கொண்ட பில்லுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. டாம்கேட்டுக்கு அந்த ரிக்வெஸ்ட் போய்ச் சேரவே இல்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது. ஓணத்துக்கு முந்தின நாட்களிலும் சரஸ்வதி பூஜை சமயத்திலும் தொல்லை அதிகம். சாதாரண நாளில் மத்தியானம் வரை தாங்கும்.

கொளச்சல் கரை

பண்டிகை நாளில்தான் வருது என்றால் லோடுதான் மக்கா. டாம்கேட்டில் மேக்ஸ்த்ரெட்ஸ், அதாவது ஒரே நேரத்தில் ரிக்வெஸ்ட்களைக் கவனிக்கும் த்ரெட்களின் உச்ச எண்ணிக்கை, சும்மா விட்டால் 200. சர்வர்.எக்ஸ்எம்எல்லில் கனெக்டர் வரியில் 800 என்று போட்டுப் பார்.

வடசேரிக்காரன்

போட்டுப் பார்த்தேன் அண்ணே. லாகின் பக்கம் செத்துப்போக முன்னைவிட அதிக நேரம் எடுத்தது. ஆனால் பில் பக்கம் பழைய மாதிரியே நின்றுவிட்டது.

வேளிமலை

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் ஆக்சஸ் லாக். டாம்கேட் அதில் வரி எழுதுவது ரிக்வெஸ்ட் முடிந்த பிறகுதான். உள்ளே மாட்டிக்கொண்டு நிற்கும் ரிக்வெஸ்ட் அங்கே தெரியாது. ஆக, வரி இல்லை என்பதற்காக வந்து சேரவில்லை என்று முடிவு கட்டக்கூடாது.

அடுத்தது அந்த ஒரு நிமிஷம். என்ஜின்எக்ஸில் ப்ராக்ஸி ரீட் டைம்அவுட் மாற்றாமல் விட்டால் 60 செகண்ட். பின்னாலிருந்து பதில் வராததால் அது 504 கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிவிடுகிறது. ஆனால் டாம்கேட்டில் அந்த வேலையைப் பிடித்திருந்த த்ரெட் விடுபடவில்லை, உள்ளேயே நிற்கிறது. கடைக்காரர் பொறுமை இழந்து ரிஃப்ரெஷ் அழுத்த அழுத்த, அழுத்தம் ஒன்றுக்கு ஒரு த்ரெட் போகும். 200-உம் தீர்ந்தபின் லோகோ படத்தைக் கொடுக்கக்கூட ஆள் இருக்காது, ஏனென்றால் படத்தையும் அதே த்ரெட்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். 800 ஆக்கினபோது லாகின் பக்கம் கூடுதல் நேரம் தாங்கியது இதனால்தான். பில் பக்கம் நிற்பதற்குக் காரணம் வேறு.

சிபியு சும்மா இருக்கிறது என்பதால் த்ரெட்கள் எதற்கோ காத்திருக்கின்றன. எதற்கென்று ஊகிக்க வேண்டாம், கேட்டுவிடலாம். அடுத்த தடவை நின்றதும் ரீஸ்டார்ட் பண்ணாதீர்கள். டாம்கேட் எந்த யூசரில் ஓடுகிறதோ அதே யூசராக, ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும் ஜேஸ்டாக் கமாண்டை ப்ராசஸ் எண்ணோடு ஓட்டி ஒரு ஃபைலில் எடுங்கள். பத்துப் பத்து செகண்ட் இடைவெளியில் மூன்று முறை. ஜேஸ்டாக் இல்லையென்றால் கில் மைனஸ் 3 கொடுங்கள். அது டாம்கேட்டை நிறுத்தாது, அதே விவரத்தை (டம்ப்) கேட்டலினா.அவுட்டில் கொட்டும். மார்க்கெட்காரர்கள் ரெண்டு நிமிஷம் சத்தம் போடுவார்கள், பரவாயில்லை. ரீஸ்டார்ட் பண்ணினால் தடயம் போய்விடும்.

வடசேரிக்காரன்

அக்கா, எடுத்துவிட்டேன். ஹெச்டிடிபி-நியோ-8080-எக்ஸெக் என்று தொடங்கும் த்ரெட்கள் நிறைய இருக்கின்றன. மூன்று டம்ப்பிலும் ஒரே மாதிரிதான். மேலிருந்து கீழே:

வெயிட்டிங், பார்க்கிங்
லாக்சப்போர்ட்.பார்க்
லிங்க்டுபிளாக்கிங்டெக்.டேக்ஃபர்ஸ்ட்
ஜெனரிக்ஆப்ஜெக்ட்பூல்.பாரோஆப்ஜெக்ட்
பேசிக்டேட்டாசோர்ஸ்.கெட்கனெக்‌ஷன்
பில்சேவ்சர்வ்லெட்.டூபோஸ்ட்

வேளிமலை

இதைக் கீழிருந்து மேலே வாசியுங்கள். பில் சேமிக்கும் சர்வ்லெட் (டாம்கேட்டுக்குள் ஓடும் ஜாவா கோடு) டேட்டாபேஸுக்கு ஒரு கனெக்‌ஷன் கேட்கிறது. பூலில் கனெக்‌ஷன் இல்லை. பூல் என்றால் திறந்து வைத்து எல்லாரும் மாறி மாறி எடுத்துக்கொள்ளும் கனெக்‌ஷன்களின் கையிருப்பு. யாராவது திருப்பித் தரட்டும் என்று சர்வ்லெட் நிற்கிறது. அவ்வளவுதான்.

உங்கள் மார்க்கெட்டிலேயே வைத்துச் சொல்கிறேன். பொதுவில் எட்டுத் தராசு. எடுத்தவன் எடை போட்டுவிட்டுத் திருப்பி வைக்க வேண்டும். வைக்காமல் எட்டுப் பேர் போய்விட்டால் ஒன்பதாவது ஆள் நிற்க வேண்டியதுதான். அவனுக்குப் பின்னால் எத்தனை ஆள் வந்தாலும் வரிசைதான் நீளும்.

எட்டு என்றது சும்மா இல்லை. டாம்கேட்டோடு வரும் டிபிசிபி பூலில் மேக்ஸ்டோட்டல் (கையிருப்பின் உச்ச அளவு) குறிப்பிடாவிட்டால் 8. மேக்ஸ்வெயிட்மில்லிஸ் குறிப்பிடாவிட்டால் மைனஸ் 1, அதாவது காலவரையில்லாமல் காத்திரு என்று பொருள். கேட்டலினா.அவுட் வெறிச்சென்று கிடப்பது இதனால்தான். பிழை என்று ஒன்று நடந்தால்தானே எழுதும்?

கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல்லில் ரிசோர்ஸ் வரியைப் பாருங்கள். அடுத்து, நின்றிருக்கும்போதே மைஎஸ்க்யூஎல்லில் ஷோ ப்ராசஸ்லிஸ்ட் கொடுங்கள், திறந்திருக்கும் ஒவ்வொரு கனெக்‌ஷனும் என்ன செய்கிறது என்று காட்டும்.

வடசேரிக்காரன்

ரிசோர்ஸ் வரியில் யூசர், பாஸ்வேர்டு, யூஆர்எல், டிரைவர் மட்டும்தான் அக்கா. நீங்கள் சொன்ன எதுவும் இல்லை. ப்ராசஸ்லிஸ்ட்டில் எட்டு வரி, எல்லாமே ஸ்லீப். நேரம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, ஒன்று ரெண்டு மணி நேரத்தையும் தாண்டிவிட்டது.

குலசேகரம் மழை

அப்போ மேக்ஸ்டோட்டல் 100 போட்டு முடிச்சிரலாமே. கூடவே டாம்கேட் 10-க்கு மாறிரு, பழசை வச்சு ஏன் அல்லாடணும்.

வேளிமலை

ரெண்டும் வேண்டாம் என்பேன்.

வேலை நடந்து அதனால் எட்டும் தீர்ந்திருந்தால் ப்ராசஸ்லிஸ்ட்டில் க்வெரி ஓடுவது தெரியும். இங்கே எட்டும் தூங்குகின்றன. எடுத்துப் போனவன் வேலையும் செய்யவில்லை, திருப்பியும் தரவில்லை. இது கசிவு. 100 ஆக்கினால் 100-உம் கசியும், காலையில் நிற்பது சாயங்காலம் நிற்கும். மைஎஸ்க்யூஎல்லில் மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் மாற்றாவிட்டால் 151-தான், அதே டேட்டாபேஸைத் தொடும் மற்ற புரோகிராம்களும் சேர்ந்து திணறும். சும்மா விட்டால் தானாகச் சரியாகுமா என்றால் அதுவும் இல்லை. வெயிட் டைம்அவுட் 28800 செகண்ட், எட்டு மணி நேரம் கழித்து மைஎஸ்க்யூஎல் தன் பக்கத்தை வெட்டிவிடும். ஆனாலும் பூலின் கணக்கில் அந்த எட்டும் வெளியே போனவைதான்.

டாம்கேட் 10-இல் ஜாவாக்ஸ் என்ற பேக்கேஜ் பெயர் ஜகார்த்தா ஆகிவிட்டது. பழைய சர்வ்லெட் கோடு அப்படியே போட்டால் ஓடாது. பண்டிகை நேரத்தில் அந்த வேலையில் கை வைக்காதீர்கள்.

ரிசோர்ஸ் வரியில் இவற்றைச் சேருங்கள்: மேக்ஸ்வெயிட்மில்லிஸ் 10000, ரிமூவ்அபேண்டன்ட்ஆன்பாரோ ட்ரூ, ரிமூவ்அபேண்டன்ட்டைம்அவுட் 300, லாக்அபேண்டன்ட் ட்ரூ. கனெக்‌ஷன் வாங்கிப் போய் 300 செகண்ட் தொடாமல் வைத்திருப்பவனிடமிருந்து, பூல் தீரப் போகும் நேரத்தில் பிடுங்கிக்கொள்ளும். அதைவிட முக்கியம், வாங்கினது எந்த வரி என்று ஸ்டாக் ட்ரேஸோடு எழுதும். 300-ஐ 30 ஆக்க ஆசைப்பட வேண்டாம். மாதக் கணக்கு ரிப்போர்ட் ஒரே க்வெரியாக நீண்டு ஓடினால் அதை நடுவில் வெட்டிவிடும்.

இன்னொன்று கேட்கிறேன். லாக் ஃபோல்டரில் லோக்கல்ஹோஸ்ட் என்று தேதியோடு ஒரு ஃபைல் இருக்குமே, அதைத் திறந்து பார்த்தீர்களா? சர்வ்லெட்டிலிருந்து பிடிக்கப்படாமல் வெளியே வரும் எக்செப்ஷன் அங்கேதான் விழும், கேட்டலினா.அவுட்டில் விழாது. நிறைய பேர் அதைத் திறப்பதே இல்லை.

வடசேரிக்காரன்

அக்கா, அதில்தான் இருக்கிறது! நம்பர்ஃபார்மேட்எக்செப்ஷன், எம்ப்டி ஸ்ட்ரிங். பில்சேவ்சர்வ்லெட்டில் எடையை டபுள்.பார்ஸ்டபுள் போடும் வரி. ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு எண்ணினேன். எட்டாவது எக்செப்ஷன் விழுந்த அடுத்த பில்லிலிருந்து நின்றிருக்கிறது. லாக்அபேண்டன்ட் காட்டுவதும் அதே சர்வ்லெட். கோடைத் திறந்தால், முதலில் கெட்கனெக்‌ஷன், அதற்குக் கீழே எடை பார்ஸ் பண்ணுவது, கடைசி வரியில் கான்.க்ளோஸ். நடுவில் ட்ரையும் இல்லை, ஃபைனலியும் இல்லை, அதனால் எக்செப்ஷன் விழுந்தால் க்ளோஸ் வரி ஓடாமலே போகிறது.

ஒன்றுதான் புரியவில்லை. எடை போடாமல் யார் பில் போடுவார்கள்?

தோவாளைத் தம்பி

அண்ணே, நான் மார்க்கெட்ல பில் போடுற பையன்தான். தாமரைக்கு எடை போடுவாங்களா? நூறு எண்ணம்னு கணக்கு. எடைக் கட்டத்தை அப்படியே விட்டுட்டு எண்ணத்தை மட்டும் அடிப்பேன். சேவ் கொடுத்தா வெள்ளைப் பக்கம் வந்து 500-னு நிக்கும். பின்னாடி போய் எடையில 0 போட்டா பில் வந்துரும். எல்லாருக்கும் பழகிப்போச்சு, யாரும் சொல்லல. சரஸ்வதி பூஜைக்குத் தாமரை எவ்வளவு போகும்னு உங்களுக்கே தெரியும்.

வேளிமலை

தம்பி, உன்னிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம்! லோடு அல்ல, தாமரை. எடையை அடித்துவிட்டால் மல்லியும் பிச்சியும் எத்தனை பில் போனாலும் ஒன்றும் ஆகாது. எடை இல்லாத எட்டுத் தாமரை பில் வந்தால் போதும்.

வடசேரித் தம்பி, சரி பண்ணும் வழி. டேட்டாபேஸ் தேவைப்படாத வேலையை எல்லாம் கெட்கனெக்‌ஷனுக்கு மேலே ஏற்றுங்கள். எடை காலியாக இருந்தால் 0 என்று எடுத்து, எடையும் எண்ணமும் ரெண்டுமே இல்லாவிட்டால் மட்டும் பயனருக்குப் புரியும்படி ஒரு செய்தி கொடுங்கள். பிறகு கனெக்‌ஷன், ஸ்டேட்மென்ட், ரிசல்ட்செட் எல்லாவற்றையும் ட்ரை அடைப்புக்குறிக்குள்ளேயே திறங்கள். ஜாவா 7-இல் இருந்தே இந்த வசதி உண்டு. எக்செப்ஷன் வந்தாலும் வராவிட்டாலும், திறந்ததற்குத் தலைகீழ் வரிசையில் தானே மூடிவிடும். இந்த சர்வ்லெட்டோடு நிறுத்தாதீர்கள். சோர்ஸ் முழுக்க கெட்கனெக்‌ஷன் என்று தேடி ஒவ்வொன்றையும் பாருங்கள், ஒரே கை எழுதியது எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கம்பைல் பண்ண நேரமாகும் என்றால் இன்றைக்கு ராத்திரியே பில் பக்கத்தை வரைந்து காட்டும் ஜேஎஸ்பி ஃபைலில் எடைக் கட்டத்தின் வேல்யூவை 0 ஆக்கிவிடுங்கள். ஜேஎஸ்பியை மாற்றினால் டாம்கேட் தானே மறுபடி கம்பைல் பண்ணிக்கொள்ளும். ஆனால் புது வார் ஃபைல் (முழு மென்பொருளின் பொதி) போடும்போது அந்த மாற்றம் போய்விடும், சோர்ஸிலும் செய்து வையுங்கள்.

கொளச்சல் கரை

மேக்ஸ்த்ரெட்ஸ் 800-ஐ என்ன பண்ண? அப்படியே கிடக்கட்டுமா?

வேளிமலை

200-க்கே திருப்புங்கள் அண்ணே. இந்த மார்க்கெட்டுக்கு அது தாராளம். அதற்குப் பதிலாக சர்வர்.எக்ஸ்எம்எல்லில் ஹோஸ்ட் பகுதிக்குள் ஸ்டக்த்ரெட்டிடெக்‌ஷன்வால்வ் சேர்த்து த்ரெஷோல்டு 30 கொடுங்கள். சும்மா விட்டால் 600 செகண்ட், அது ரொம்ப நீளம். இனி எந்த ரிக்வெஸ்ட் மாட்டினாலும், எங்கே நிற்கிறது என்று ஸ்டாக்கோடு லாகில் எழுதிவிடும்.

ஆக்சஸ் லாக் பேட்டர்னில் சதவீதக் குறியும் பெரிய டி-யும் சேர்த்தால் ஒவ்வொரு ரிக்வெஸ்டும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியும். டாம்கேட் 9-இல் அது மில்லிசெகண்ட். 10-இல் மைக்ரோசெகண்ட், பிற்பாடு மாறும்போது எண்ணைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். எல்லா வரியிலும் 127.0.0.1 என்று வந்துகொண்டிருக்கும், என்ஜின்எக்ஸ் நடுவில் நிற்பதால். ரிமோட்ஐபிவால்வ் போட்டு, ஆக்சஸ் லாக் வால்விலும் ரிக்வெஸ்ட்அட்ரிப்யூட்ஸ்எனேபிள்ட் ட்ரூ கொடுத்தால்தான் எந்தக் கடை என்று பிரித்துப் பார்க்க முடியும். என்ஜின்எக்ஸ், கடையின் உண்மையான முகவரியைச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் அனுப்புகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடசேரிக்காரன்

ஜேஎஸ்பியில் மாற்றிவிட்டேன், சர்வ்லெட்டும் மாற்றியாகிவிட்டது. வெள்ளிக்கிழமைத் தாமரை முழுக்கப் போனது, ரீஸ்டார்ட் தேவைப்படவில்லை. ப்ராசஸ்லிஸ்ட்டில் கனெக்‌ஷன்கள் வருவதும் போவதுமாக இருக்கின்றன. நீங்கள் சொன்ன மாதிரியே பாக்கி ரிப்போர்ட் சர்வ்லெட்டிலும் அதே தப்பு இருந்தது. ரொம்ப நன்றி அக்கா. தம்பி, உனக்கும்தான்.

தோவாளைத் தம்பி

அண்ணே, அப்படியே இதையும் பாருங்க. புதுசா பூ பேரு சேர்த்தா பில்லுல கோழிப்பூன்னு வராம என்னமோ வருது.

வேளிமலை

தம்பி, கேள்விக்குறியாக வருகிறதா, இல்லை மேலே கோடு போட்ட இங்கிலீஷ் ஏயும் வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியுமாக வருகிறதா?

தோவாளைத் தம்பி

வட்டத்துக்குள்ள ஆர் அக்கா. வரிசையா நிறைய.

வேளிமலை

அப்படியென்றால் சுலபம். ஃபார்மில் வரும் தமிழை டாம்கேட் 9 ஐஎஸ்ஓ-8859-1 என்ற, தமிழ் இல்லாத எழுத்துக் குறியீடாக எடுத்துக்கொள்கிறது. வெப்.எக்ஸ்எம்எல்லில் ரிக்வெஸ்ட்-கேரக்டர்-என்கோடிங் என்ற டேகில் யூடிஎஃப்-8 கொடுக்கச் சொல். மேலே வெப்-ஆப் வெர்ஷன் 4.0 ஆக இருக்க வேண்டும். இதுவரை கெட்டுப்போய் ஏறின பெயர்களை மட்டும் அழித்துவிட்டுத் திரும்ப அடி. கேள்விக்குறி வந்திருந்தால் டேபிளையும் யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்ற வேண்டியிருந்திருக்கும்.