ராக்கு: ‘பின்சுடல் ஒடுக்கம்’ வேண்டாம், ‘மூட்டம்’ இருக்கிறது

நண்பர்களுக்கு வணக்கம்.

ராக்கு என்ற மட்பாண்ட முறையில், சூளையிலிருந்து எடுத்த சூடான கலத்தைப் புகைய மூடிவைப்பதை ஆங்கிலத்தில் post-firing reduction என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘பின்சுடல் ஒடுக்கம்’ என்ற பரிந்துரையை இரண்டு நாளாக மனத்தில் போட்டுப் பார்த்தேன். ஆக்சிஜனை நீக்குவதுதான் ஒடுக்கம் என்பதால் வேதியியல்படி சரிதான். ஆனால் தமிழ்நாட்டில் ஒடுக்கம் என்று படிப்பதை இலங்கையில் தாழ்த்தல் என்று படிக்கிறார்கள். சூளையருகே நிற்பவருக்கு இரண்டுமே எதையும் கண்முன் காட்டாது.

அங்கே என்ன நடக்கிறது? ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸில் கலத்தின் மேலுள்ள கண்ணாடிப் பூச்சு (glaze) உருகிப் பளபளக்கும்போதே கலத்தை இடுக்கியால் எடுத்து, மரத்தூளோ காய்ந்த இலையோ போட்ட தகர டிரம்மில் வைக்கிறார்கள். குப்பென்று பற்றும்; உடனே மூடிவிடுவார்கள். காற்று கிடைக்காத நெருப்பு, பூச்சிலுள்ள செப்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். பச்சையாக வரவேண்டிய பூச்சு செம்பாக மின்னும். பூச்சில்லாத மண் கரியேறிக் கறுக்கும்.

காற்றை மறித்துப் புகைய விடுவதற்கு நம்மிடம் சொல் இருக்கிறதே! இராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி மண்ணால் மூடி கரிமூட்டம் போடுகிறார்கள். வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைப்பதும் நாம் அறிந்ததுதான். ஆகவே ‘மூட்டம்’, வினையாக ‘மூட்டமிடல்’.

‘ராக்கு’ என்பதை மொழிபெயர்க்க வேண்டாம். 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் கியோட்டோவில் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவின் தேநீர்ச் சடங்குக்காகக் குயவர் சோஜிரோ சக்கரமின்றிக் கையாலேயே வனைந்த கிண்ணங்களின் மரபு அது. அவர் வழிவந்த குடும்பத்தின் பெயரும் அதுவே. அவர்கள் மூட்டமிடுவதில்லை. மூட்டமிடுவது 1960இல் கலிஃபோர்னியாவில் மட்பாண்டக் கலைஞர் பால் சோல்ட்னர் தொடங்கிவைத்த வழி. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தால் சோஜிரோவுக்கு அநியாயம் செய்கிறோம். அப்புறம், ‘ராகு’ என்று எழுதினால் கிரகம்தான் நினைவுக்கு வரும், ‘க்’ இருக்கட்டும்.

பூச்சில் ஓடும் கறுப்பு வலைக்கு ‘விரிசல்’ வேண்டாம், உடைந்த பானைபோல் ஒலிக்கிறது. ஆறும்போது மண்ணைவிடப் பூச்சு அதிகம் சுருங்குவதால் பூச்சு மட்டுமே வெடிக்கிறது, கரி அதில் இறங்குகிறது. ‘மயிர்க்கோடு’ எனலாமா?

இப்படி எதிர்பாராமல் அமையும் அழகுக்குச் சொன்ன ‘விபத்து அழகு’ என்பதை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. எத்தனை நொடி காற்றில் பிடிப்பது, எப்போது மூடுவது என்பதெல்லாம் குயவரின் முடிவு. கோடு எங்கே ஓடும் என்பது மட்டும் அவர் கையில் இல்லை. அதற்குத் ‘தற்செயல்’ போதும். பிரித்துப் பாருங்கள்: தன் + செயல். கலம் தானே செய்துகொண்டது.

கரிமூட்டத்தோடு குழப்பம் வரும் என்று நினைப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.