மதிப்பீட்டு முறைக்கு உட்பட்ட ஆசிரியர்கள் நல்ல பாடங்களைத் திட்டமிட எவ்வாறு உதவுவது?

கேள்வி (பாட ஒருங்கிணைப்பாளர்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் வகுப்பறை உற்றுநோக்கலை அடிப்படையாகக் கொண்டு ஆசிரியர்களின் பணி மதிப்பிடப்படுகிறது. அமெரிக்கக் கல்வியாளர் சார்லட் டேனியல்சன் 1996இல் வெளியிட்ட கற்பித்தல் சட்டகத்தைத் தழுவி அமைக்கப்பட்ட முறை அது. திட்டமிடலும் ஆயத்தமும், வகுப்பறைச் சூழல், கற்பித்தல், தொழில்சார் பொறுப்புகள் என நான்கு பகுதிகள் உண்டு. ஒவ்வொரு பகுதியின் கூறுகளுக்கும் நான்கு நிலைகளில் ஒன்று வழங்கப்படும். ஆசிரியர் முதலில் பாடக்குறிப்பை ஒப்படைக்க வேண்டும். பிறகு முன்கலந்துரையாடலும், வகுப்பும், பின்கலந்துரையாடலும் நடைபெறும்.

நிலை வழங்கும் பொறுப்பு என்னுடையதன்று. ஆசிரியர்கள் பாடத்தைத் திட்டமிட உதவுவது மட்டுமே என் பணி. ஆனால் உற்றுநோக்கல் நெருங்க நெருங்கப் பாடக்குறிப்புகள் பல பக்கங்களுக்கு நீள்கின்றன; ரூப்ரிக்கில், அதாவது ஒவ்வொரு நிலைக்கும் உரிய தகுதிகளை விவரிக்கும் மதிப்பீட்டு அட்டவணையில், உள்ள சொற்றொடர்கள் அப்படியே அவற்றில் இடம்பெறுகின்றன; வகுப்போ அந்தக் குறிப்பின்படி நடப்பதில்லை. அதே ஆசிரியர்கள் மற்ற நாட்களில் பாடநூலின் ஓரத்தில் சில வரிகள் எழுதிக்கொண்டு வந்து, இதைவிட நன்றாகவே நடத்துகிறார்கள். மதிப்பீட்டை ஒதுக்கவும் முடியாது. அதற்காகவே திட்டமிடுவதும் சரியாகப் படவில்லை. என் உதவி எங்கே தொடங்க வேண்டும்? ஆசிரியர்கள் என்னிடம் காட்டும் வரைவுகளை மதிப்பீட்டாளருடன் பகிர்ந்துகொள்வது முறையாகுமா?

பதில் (ஆசிரியப் பயிற்றுநர்):

மாணவர்களுக்காக எழுதப்படும் பாடக்குறிப்பு சுருக்கமாக இருக்கும். மதிப்பிடுபவருக்காக எழுதப்படும் குறிப்பு, எதையும் விட்டுவிடவில்லை என்று நிறுவ முயல்வதால் நீண்டுவிடும். ஆகவே முதல் சந்திப்பில் ரூப்ரிக்கை மேசைமேல் வைக்கவே வேண்டாம். ஆசிரியரிடம் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: "மணி அடிக்கும் நேரத்தில் ஒரு மாணவர் என்ன எழுதினால், அல்லது என்ன சொன்னால், அவருக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று நம்புவீர்கள்?"

ஓர் எடுத்துக்காட்டுடன் சொல்கிறேன். "மாணவர்கள் ஒளிச்சேர்க்கையைப் பற்றி அறிந்துகொள்வர்" என்பது பல பாடக்குறிப்புகளில் காணப்படும் நோக்கம். மேற்கண்ட கேள்வியைக் கேட்டால், வரையறையைச் சரியாக எழுதினால் போதும் என்பதே பெரும்பாலும் முதல் விடையாக வரும். ஆனால் வரையறையை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர்களிலும் பலர், செடி தன் உணவை மண்ணிலிருந்துதான் உறிஞ்சுகிறது என்றே நம்பிக்கொண்டிருப்பார்கள். அந்த நம்பிக்கையை வெளியே கொண்டுவரும் வினா எது என்று ஆசிரியருடன் சேர்ந்து தேடுங்கள். திட்டமிடல் அங்கேதான் தொடங்குகிறது.

பதினேழாம் நூற்றாண்டு அறிவியலாளர் வான் ஹெல்மான்ட் செய்த சோதனை இதற்கு மிகவும் பொருத்தமானது. அவருடைய குறிப்புகள் அவர் மறைந்த பிறகு 1648இல் வெளிவந்தன. உலர்த்தி எடைபோட்ட மண்ணில் ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரத்தின் எடை ஏறத்தாழ 74 கிலோ கூடியது. மண்ணின் எடையிலோ 60 கிராம்கூடக் குறையவில்லை. "கூடிய எடை எங்கிருந்து வந்தது?" என்று வகுப்பின் தொடக்கத்தில் கேட்டு, ஒவ்வொரு மாணவரையும் ஒரு வரி எழுதச் சொல்லலாம். என்னென்ன விடைகள் வரும் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே எழுதிப் பார்க்க வேண்டும். மண் என்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு எண்களே மறுமொழி சொல்லும். நீர் என்பவர்கள் இருப்பார்கள். வான் ஹெல்மான்ட்டும் அந்த முடிவுக்கே வந்தார் என்பதால், அதைத் தவறு என்று தள்ளிவிடாமல், நீர் மட்டும் போதுமா என்று மேலே விசாரிக்க வேண்டும். சூரிய ஒளி என்பவர்களுக்கு, ஒளி தருவது ஆற்றலேயன்றிப் பொருள் அன்று என்பதைத் தெளிவுபடுத்தும் ஓர் இடைநிலை வினா தேவைப்படும். காற்று என்று ஓரிருவர் சொல்லக்கூடும். ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்று அவர்களையே விளக்கச் சொல்ல வேண்டும். பாடத்தின் முடிவில் அதே வினாவைத் திரும்பக் கொடுத்து, முதலில் எழுதிய விடையைத் திருத்தி எழுதச் சொன்னால், யாருக்குப் புரிந்திருக்கிறது என்பது ஆசிரியரின் கைக்கு வந்துவிடும்.

இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும். அதன் பிறகு ரூப்ரிக்கைத் திறந்து பாருங்கள். டேனியல்சன் சட்டகத்தின் முதல் பகுதி கேட்கும் பாடப்பொருள் அறிவு, மாணவர்களைப் பற்றிய அறிவு, கற்றல் விளைவுகளை வகுத்தல், ஒத்திசைவான கற்பித்தல் வடிவமைப்பு, மாணவர் மதிப்பீட்டை வடிவமைத்தல் ஆகியவற்றுக்கெல்லாம் அந்த ஒரு பக்கத்திலேயே சான்று இருக்கும். எந்தக் கூறுக்கு இன்னும் சான்று இல்லையோ, அதைப் பற்றி மட்டும் பேசினால் போதும். முடிவிலிருந்து பின்னோக்கித் திட்டமிடும் இந்த முறையைக் கல்வியாளர்களான கிராண்ட் விக்கின்ஸும் ஜே மெக்டையும் 1998இல் விரிவாக எழுதினார்கள்: முதலில் விளைவு, அடுத்து அதற்கான சான்று, கடைசியாகவே செயல்பாடுகள். செயல்பாட்டில் தொடங்கிய பாடக்குறிப்புக்குப் பிறகு எவ்வளவு மெருகு ஏற்றினாலும் நோக்கமும் மதிப்பீடும் அதில் ஒட்டாமலே நிற்பதை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

பதில் (தலைமை ஆசிரியர்):

நான் நிலை வழங்கும் இடத்தில் இருப்பவன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சில சொற்கள். குறிப்பின் நீளம் என் மதிப்பீட்டை உயர்த்துவதில்லை. முன்கலந்துரையாடலில் நான் கவனிப்பது, எந்த இடத்தில் மாணவர்கள் தடுமாறக்கூடும் என்பதை ஆசிரியர் ஊகித்திருக்கிறாரா, அப்போது என்ன செய்வது என்று யோசித்திருக்கிறாரா என்பவற்றையே. வகுப்பு நடுவே மாணவர்களின் விடைகளைக் கண்டு ஆசிரியர் தம் குறிப்பிலிருந்து விலகினால், அந்த விலகலை நல்ல திட்டமிடலின் சான்றாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்; அதைக் குறையாகப் பதிவு செய்யும் மதிப்பீட்டாளர்கள்தான், சொல் மாறாமல் குறிப்பைப் பின்பற்றும் வகுப்புகளை உருவாக்குகிறார்கள். உங்கள் பள்ளியில் அப்படி நடந்தால், ஆசிரியர்களைத் திருத்துவதற்கு முன் மதிப்பீட்டாளர்களோடு நீங்கள் பேச வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் ஆசிரியர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். கேட்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் 2009இல் அமெரிக்காவில் தொடங்கி, ஏறத்தாழ 3,000 ஆசிரியர்களின் வகுப்புகளை ஆராய்ந்த திட்டத்தின் முடிவுகளில் ஒன்று, ஒருவர் ஒரே ஒரு பாடத்தைப் பார்த்து வழங்கும் மதிப்பெண் நம்பத்தகுந்ததன்று என்பது. ஒன்றுக்கு மேற்பட்ட பாடங்களை, ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் பார்க்கும்போதுதான் நம்பகத்தன்மை கூடுகிறது. ஒரு நாளுக்காக ஒரு பாடத்தைச் செதுக்குவதால் பெறக்கூடியது குறைவு என்பதை இது காட்டுகிறது. அன்றாடத் திட்டமிடலில் செலுத்தும் உழைப்பே எல்லா உற்றுநோக்கல்களிலும் வெளிப்படும்.

பதில் (வகுப்பாசிரியர்):

மேலே சொல்லப்பட்டவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் அந்த உழைப்புக்கு நேரம் வேண்டும். எல்லாப் பாடங்களுக்கும் எல்லா நாட்களும் இவ்வளவு நுணுக்கமாக எழுத எந்த ஆசிரியராலும் இயலாது. ஒவ்வோர் அலகிலும் மாணவர்கள் வழக்கமாக இடறும் ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்து, அதே வகுப்பைக் கையாளும் ஆசிரியர்கள் கூடித் திட்டமிட நீங்கள் நேரம் ஒதுக்கிக் கொடுத்தால், அதுவே பேருதவியாக இருக்கும். ஜப்பானியப் பள்ளிகளில் நெடுங்காலமாக நடைபெறும் பாட ஆய்வு இந்த வகையைச் சேர்ந்தது. குழுவாகத் திட்டமிடுகிறார்கள், ஒருவர் நடத்துகிறார், மற்றவர்கள் மாணவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று குறித்துக்கொள்கிறார்கள், பிறகு பாடத்தைப் பற்றி விவாதிக்கிறார்கள். பாடம் குழுவினுடையது என்பதால் நடத்தியவர் தற்காப்புக்குப் போக வேண்டியதில்லை. மதிப்பீட்டுப் பயம் இருக்கும் பள்ளிகளுக்கு இது இன்னும் அவசியம் என்று கருதுகிறேன்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த அலகிலிருந்து கூட்டுத் திட்டமிடலைத் தொடங்க அனுமதி கேட்கப் போகிறேன். முன்கலந்துரையாடலைப் பற்றி மதிப்பீட்டாளர்களிடமும் பேசுகிறேன். வரைவுகளைப் பகிர்வது குறித்து மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. தலைமை ஆசிரியர் அவற்றைக் கேட்டால் மறுப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றுமோ என்று தயங்குகிறேன்.

பதில் (ஆசிரியப் பயிற்றுநர்):

பகிர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வரைவில் இருப்பது ஆசிரியரின் ஐயங்களும் பாதி யோசனைகளும். அவை தம் நிலையைப் பாதிக்கும் என்று தெரிந்தால், அடுத்த முறை உங்களிடம் முடிந்த குறிப்பை மட்டுமே கொண்டுவருவார்கள், உங்களால் உதவவும் இயலாமல் போகும். கேட்ட பிறகு மறுப்பதுதான் சங்கடம். ஆகவே ஆண்டின் தொடக்கத்திலேயே தலைமை ஆசிரியரும் ஆசிரியர்களும் கூடியிருக்கும் கூட்டத்தில், உங்களிடம் வரும் வரைவுகள் மதிப்பீட்டுக் கோப்புக்குப் போகா என்று அறிவித்து, அதைக் கூட்டக் குறிப்பிலும் பதிவு செய்துவிடுங்கள். ஆசிரியர் தாமாக விரும்பி வரைவைக் காட்டினால் அது அவர் உரிமை. நீங்கள் திருத்திய தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நகல் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.