டிஸ்கிராஃபியா: பத்தாவது வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு அம்மா
பையன் அரசு உதவி பெறும் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறான், டிஸ்கிராஃபியா, அதாவது எழுதுவதில் வரும் குறைபாடு, என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அறிவியலில் எதைக் கேட்டாலும் வாயால் டக்கென்று சொல்லிவிடுவான், அதையே எழுதச் சொன்னால் நாலு வரிக்குள் விரல் இறுகிப்போய் பேனாவை வைத்துவிடுவான். தேர்வுத்தாள் பாதி வெள்ளையாகத்தான் வருகிறது. பள்ளியில் கேட்டால் "சலுகையெல்லாம் பத்தாவதில்தான், அதுவும் 40 சதவீதம் குறைபாடு என்று சான்று இருந்தால்தான், இப்போதைக்கு நிறைய எழுதிப் பழகட்டும்" என்கிறார்கள். வீட்டில் தினமும் எழுத வைத்து அவனும் அழுகிறான், நானும் அழுகிறேன். வகுப்பிலேயே இப்போது ஏதாவது கேட்க முடியுமா?

பதில்: சிறப்புப் பயிற்றுநர்
தாராளமாகக் கேட்கலாம்மா. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று, டிஸ்கிராஃபியா அதில்தான் வரும். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி, பிள்ளையின் தேவைக்கேற்ற வசதியைச் செய்து தர வேண்டும் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது, பத்தாம் வகுப்புக்கு மட்டும் என்று எங்கேயும் இல்லை. 40 சதவீதம் இருந்தால்தான் ஸ்கிரைப் (தேர்வில் பிள்ளை சொல்லச் சொல்ல எழுதித் தருபவர்) என்று மறுக்கக் கூடாது என 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அவருக்கு இருந்ததும் எழுதும்போது கை இறுகும் பிரச்சினைதான்.
ஆனாலும் சான்றும் யுடிஐடி அட்டையும் (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) பொதுத்தேர்வு விண்ணப்பத்துக்குக் கட்டாயம் உதவும். வட்டார வள மையத்தில் மருத்துவ முகாம் எப்போது என்று கேட்டு வையுங்கள். தலைமையாசிரியரிடம் வாயால் பேசினால் மறந்துபோகும், கடிதமாகக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

பதில்: அறிவியல் வாத்தியார்
கடிதத்தில் "உதவி தேவை" என்று பொதுவாக எழுதாதீர்கள், என்னென்ன என்று எழுதுங்கள். கரும்பலகையில் இருப்பதை அவன் பார்த்து எழுத வேண்டாம், நோட்ஸ் நகல் கொடுத்தால் போதும். வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம். சமூக அறிவியலில் எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்க வேண்டாம். நான் இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் சின்னத் தேர்வை வாய்மொழியாகவே கேட்டு மார்க் போடுகிறேன், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நிறைய எழுதினால் சரியாகிவிடும் என்பது இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் தப்பு, தயவுசெய்து வீட்டில் அந்த எழுத்துப் பயிற்சியை நிறுத்துங்கள்.

பதில்: மகளுக்கு ஸ்கிரைப் வாங்கிய அப்பா
என் மகளுக்குப் பத்தாவதில் ஸ்கிரைப், ஒரு மணி நேரம் கூடுதல், இரண்டும் கிடைத்தன. ஆனால் சொல்லி எழுத வைப்பதே தனிப் பழக்கம், அதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. கணக்கில் "எக்ஸ் கூட்டல் மூன்றின் வர்க்கம்" என்றால் வர்க்கம் மூன்றுக்கு மட்டுமா, முழுவதற்குமா? எழுதுபவர் ஊகிக்கக் கூடாது. "அடைப்புக்குறி திற, எக்ஸ் கூட்டல் மூன்று, மூடு, மேலே இரண்டு" என்று சொல்ல வர வேண்டும். ஒன்பதாவதிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு அம்மா
ரொம்ப நன்றி. கடிதம் இன்றே எழுதுகிறேன். பழக்கத்துக்கு அவன் அக்காவையே உட்கார வைக்கலாமா?

மகளுக்கு ஸ்கிரைப் வாங்கிய அப்பா
முதலில் அக்கா போதும்மா. கொஞ்சம் பழகியதும் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது மாற்றுங்கள், அக்காவுக்கு அவன் பாதி சொல்லும்போதே புரிந்துவிடும்.