வேலையிடத்தில் ஆளறிந்து பேசுவது: கொங்கு நாட்டு அனுபவங்கள்

(வெவ்வேறு ஊர்களில் வேலை செய்பவர்கள், ஒருவர் எழுதியதைப் படித்து இன்னொருவராக எழுதியவை. எழுதியவரின் ஊரும் தொழிலும் தலைப்பில் உள்ளன.)

திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதி

ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் என்றால் மேசையில் உட்கார்ந்து மெயில் அனுப்புகிறவர் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆடைகளை வாங்கும் பையர், நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங் மாஸ்டர், தையலை ஒப்பந்தத்தில் முடித்துத் தரும் பவர் டேபிள் கான்ட்ராக்டர், முதலாளி என்று ஒருவர் பேசும் விதம் இன்னொருவருக்குப் பிடிபடாத பலருக்கு நடுவில் நின்று, ஒரே செய்தியை அவரவர் வாங்கிக்கொள்ளும் விதத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி. செய்தியின் உள்ளடக்கத்தில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது என்பதிலும், அதைச் சொல்லும் நேரம், இடம், வடிவம் மூன்றையும் ஆளுக்கு ஆள் மாற்றியே ஆக வேண்டும் என்பதிலும் எனக்கு இன்று சந்தேகமே இல்லை.

லேப் டிப் விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். மொத்தத் துணிக்குச் சாயம் ஏற்றும் முன், கேட்ட நிறத்தைச் சிறு துண்டுகளில் பிடித்து, ஏ, பி, சி என்று மாதிரிகளாகப் பையருக்கு அனுப்புவோம். ஜெர்மனியிலிருந்து வரும் பதில் பெரும்பாலும் ஒரே வரிதான்: சிவப்பு அதிகம், சற்று மங்கல், மறுபடி அனுப்பவும். இந்த வரியை அப்படியே வாட்ஸப்பில் சாயப்பட்டறைக்குத் தள்ளிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே இருக்கும் மாஸ்டர் காலமெல்லாம் கண்ணால் நிறம் பிடித்தவர். முகம் தெரியாத ஒருவர் தன் நிறத்தைச் சரியில்லை என்று எழுதியதைப் படித்ததும் அவர் மனம் சுருங்கிவிடுகிறது, அதன்பின் எது கேட்டாலும் ஒற்றைச் சொல்லில்தான் பதில் வருகிறது. நான் பையர் தந்த துண்டையும் எங்கள் துண்டையும் எடுத்துக்கொண்டு நேரில் போய்விடுவேன். நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கான டி65 விளக்கைப் போட்டு, இரண்டையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பேன். அவர் தலையைச் சாய்த்துப் பார்ப்பார், துண்டைத் திருப்பி வைப்பார், கடை வெளிச்சத்துக்கான டிஎல்84 விளக்குக்கு மாற்றி இன்னொரு முறை பார்ப்பார். பிறகு, "செவப்பு கொஞ்சம் தூக்கலாத்தானுங்க இருக்குது, கொறச்சுப் போட்டுத் தர்றனுங்க" என்பார். பையர் எழுதியதும் அதேதான். ஆனால் இது அவரே கண்டுபிடித்த குறை என்பதால், திருத்தும் வேலையும் அவருடையதாகிவிடுகிறது.

அதே பட்டறையில் தேதி கேட்பது இன்னும் நுட்பமான காரியம். "வெள்ளிக்கிழமை துணி வந்துருமுங்களா?" என்று கேட்டால், எதிரில் நிற்பவரிடம் முடியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம் என்பதால், "பாத்துக்கலாமுங்க" என்றுதான் வரும். எனவே ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படியான கேள்வியையே நான் கேட்பதில்லை. எந்த மெஷினில் ஏற்றுகிறார்கள், பகல் ஷிப்டா இரவு ஷிப்டா, அதற்கு முன்னால் யாருடைய லாட் (ஒரே தடவையில் சாயமேற்றும் துணி) ஓடுகிறது என்று கேட்பேன். மெஷின் ஒதுக்கியிருந்தால் உடனே சொல்லிவிடுவார்கள். ஒதுக்காதிருந்தால் ஒரு கணம் தயங்கி, பாய்லர் வேலை நடக்கிறது என்ற உண்மை வெளியே வரும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரை வெளியே விடாத சுத்திகரிப்பு முறையோடு மீண்டும் இயங்கத் தொடங்கியதிலிருந்து, அவசரத்தில் தவறாக ஏற்றிய லாட்டைத் திரும்பச் சாயமேற்றுவது எவ்வளவு செலவு பிடிக்கும் காரியம் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். முடியாது என்பதை முன்கூட்டியே சொல்வதற்கு அவருக்கு வசதி செய்து கொடுப்பது என் பொறுப்பு என்று கருதுகிறேன்.

ஜெர்மன் பையரிடம் இந்தச் சுற்றுவழி செல்லாது. அவருக்கு முதல் வரியிலேயே புதிய தேதி, இரண்டாம் வரியில் காரணம், மூன்றாம் வரியில் நாங்கள் செய்யப்போவது என்று எழுதினால் போதும். நலம் விசாரித்து, மழையைப் பற்றி எழுதி, பிறகு தாமதத்துக்கு வந்தால், எதையோ மறைக்கிறோம் என்று எடுத்துக்கொள்வார். கோடைக்காலத்தில் அங்கே மாலை ஐந்து மணி என்றால் நமக்கு இரவு எட்டரை. அவர் அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன் அந்த மூன்று வரியும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருக்கிறேன். அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976-இல் இந்த வேறுபாட்டை விளக்கியிருக்கிறார். சில சமூகங்களில் பொருள் முழுவதும் சொல்லிலேயே இருக்கும், சிலவற்றில் பெரும்பகுதி சூழ்நிலையிலும் உறவிலும் இருக்கும் என்பது அவருடைய கருத்து. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சுற்றி எத்தனை பேர் நின்றாலும் விலை இருவருக்கு மட்டுமே தெரியும். பேரம் முறிந்தாலும் யாருக்கும் தலை குனிவதில்லை.

எங்கள் முதலாளியிடம் கெட்ட செய்தியைச் சொல்வதும் அந்தத் துண்டுக்கு அடியில்தான். காலையில் அவர் வந்து சாமி படத்துக்கு முன் நின்றுவிட்டுத் தனியாக ஃபேக்டரியைச் சுற்றிவரும் நேரத்தில், கூடவே நடந்துகொண்டு சொல்லிவிட்டால் பொறுமையாகக் கேட்டு, "செரி தம்பி, ஏர்ல அனுப்பறதுன்னா எவ்வளவு ஆகும்?" என்று தீர்வுக்கு வந்துவிடுவார். அதையே மீட்டிங்கில் ஆடிட்டர் முன்னால் சொன்னால் அன்றைய நாள் எல்லோருக்கும் வீண்தான். அவர் மகனோ வாய்ப்பேச்சில் எதையும் ஏற்றுக்கொள்ள மாட்டார். எக்செல் தாளில் ஸ்டைல் வாரியாக எத்தனை பீஸ் பாக்கி என்று இருந்தால்தான் முடிவெடுப்பார். ஆகவே ஒரே தாமதத்தை அப்பாவுக்கு நடையிலும் மகனுக்குத் தாளிலும் சொல்கிறேன். இரட்டை வேலை என்று உடன் பணிபுரிபவர்கள் சலித்துக்கொள்வதுண்டு. இருவரும் ஒரே எண்ணைக் கேட்டு ஒரே முடிவுக்கு வரும்போது மிச்சமாகும் நேரத்தைக் கணக்கிட்டால் இது ஒரு வேலையே அல்ல.

கோயம்புத்தூர், பம்ப் தயாரிப்பு

திருப்பூர் நண்பர் பேசாமல் நின்றதைப் பற்றி எழுதியதைப் படித்ததும், எங்கள் ஃபவுண்டரியில் வார்ப்பு அச்சுக்கான மாதிரி செய்யும் பேட்டர்ன் மாஸ்டர் நினைவுக்கு வந்தார். நான் டிசைன் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பிரிவில் இளைஞர்கள் அதிகம். யோசித்துக்கொண்டே பேசுவார்கள், பேசிக்கொண்டே படத்தைத் திருத்துவார்கள். அந்தப் பழக்கத்தில் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் புதிய படத்தை அவரிடம் கொண்டுபோய் நின்றபடியே "இது வார்க்க வருமா?" என்று கேட்பார்கள். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "வராதுங்க" என்பார். உடனே, வயதானவர், புதியது எதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று பேச்சு கிளம்பும்.

நான் செய்தது படத்தை மாலையில் அவர் மேசையில் வைத்துவிட்டு, காலையில் வருகிறேன் என்று சொல்லி வந்ததுதான். மறுநாள் போனால், படத்தின் மேல் பென்சிலால் மெல்லிய கோடுகள் போட்டிருந்தார். ஓரிடத்தில் சுவரின் கனம் குறைவு, உருகிய இரும்பு அங்கே போய்ச் சேரும் முன் உறைந்துவிடும் என்றார். இன்னோரிடத்தில் பேட்டர்ன் மணலிலிருந்து கிளம்பும்போது ஓரம் உடையும், கொஞ்சம் சாய்வு கொடுங்கள் என்றார். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று சுருங்கும் என்பதற்காக அவர் கூட்டிச் செய்யப்போகும் அளவையும் ஓரத்தில் எழுதியிருந்தார். இரண்டு திருத்தங்களோடு அந்தப் படம் வார்ப்புக்குப் போனது. கேட்ட இடத்திலேயே பதில் வேண்டும் என்பவர்களுக்கும், ஓர் இரவு வைத்து யோசித்தால்தான் பதில் வரும் என்பவர்களுக்கும் உள்ள வேறுபாட்டில் திறமையின் ஏற்றத்தாழ்வு எதுவும் இல்லை. கூட்டத்துக்கு முதல் நாளே எல்லோருக்கும் படத்தைக் கொடுத்துவிடுவது இப்போது எங்கள் பிரிவில் வழக்கமாகிவிட்டது. உடனே பேசுகிறவர்களுக்கு இதனால் நட்டம் ஏதுமில்லை, யோசித்துப் பேசுகிறவர்களின் அறிவு நிறுவனத்துக்குக் கிடைக்கிறது.

பல்லடம், தையல் பிரிவு மேற்பார்வை

மேலே எழுதிய இருவரும் தங்களைவிடப் பதவியிலோ வயதிலோ பெரியவர்களுக்காகவும், வெளிநாட்டுப் பையருக்காகவும் எப்படிப் பேசினோம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. லைனில் உட்கார்ந்து தைக்கும் பெண்ணுக்காக யார் தங்கள் பேச்சை மாற்றிக்கொள்கிறார்கள்?

என் லைனில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பெண்கள் இருக்கிறார்கள். தமிழ்ப் பெண்களும் இருக்கிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஃப்ளோர் மேனேஜர் எல்லாவற்றையும் சத்தம் போட்டே சொல்வார். அவர் சுபாவம் அப்படி, நீங்கள்தான் அனுசரித்துப் போக வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அந்தச் சத்தத்துக்குப் பயந்து, தையல் விட்டுப்போன பீஸைக் கட்டுக்கு நடுவில் செருகிவிடுகிற பழக்கம் அங்கே பரவியது. செக்கிங்கில் அது பிடிபடும்போது கட்டு முழுவதையும் பிரிக்க வேண்டியிருந்தது. அவர் சுபாவத்தை அனுசரித்துப் போனவர்கள் இருநூறு பேர். அவரோ யாரையும் அனுசரிக்கவில்லை. சத்தம் போடுவதையும் ஒரு பேச்சுப் பாணி என்று ஏற்றுக்கொள்வதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். பாணி வேறு, அவமதிப்பு வேறு.

இப்போது என் லைனில், பையர் ஒப்புதல் கொடுத்த சீல்டு சாம்பிளை லைன் தொடங்கும் இடத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். காலர் எப்படி உட்கார வேண்டும் என்பதை வாயால் சொல்லாமல், மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பீஸை நானே தைத்துக் காட்டிவிட்டு, அடுத்ததை அந்தப் பெண்ணைத் தைக்கச் சொல்கிறேன். புரிந்ததா என்று கேட்டால் எல்லோருமே தலையாட்டுவார்கள். தைத்த பீஸைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கூட்டத்தில் வாயே திறக்காத ஓர் ஒடிசாப் பெண், டீ இடைவேளையில் நான் தனியாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது, துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் நூல் இறுக்கம் மதியத்துக்கு மேல் மாறுகிறது என்பதை, மெஷினையும் பீஸையும் தொட்டுக் காட்டி, "தீதி, யே தேக்கோ" (அக்கா, இதைப் பார்) என்று இந்தியில் விளக்கினாள். மெக்கானிக் வந்து பார்த்தபோது அவள் சொன்னது சரியாக இருந்தது. தமிழ்ப் பெண்களில் சிலருக்கு எல்லோர் முன்னாலும் பாராட்டினால் மகிழ்ச்சி, சிலருக்கு அதுவே சங்கடம். சனிக்கிழமை சம்பளக் கவரைக் கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னால் போதும் என்றிருப்பார்கள். இதெல்லாம் எந்தப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுத்ததல்ல, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான்.

ஈரோடு, மனிதவளப் பிரிவு

பயிற்சி என்ற சொல் வந்ததால் சுருக்கமாக எழுதுகிறேன். மனிதர்களை நான்கு வகையாகப் பிரிக்கும் டிஸ்க் வகுப்பு பல நிறுவனங்களில் நடக்கிறது. அதன் மூலக் கருத்து அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் 1928-இல் எழுதியது; அதிலிருந்து கேள்வித்தாள் தயாரித்து ஆளுக்கு ஒரு முத்திரை கொடுக்கும் வேலையை அவர் செய்யவில்லை, பின்னால் வந்தவர்கள் செய்தார்கள். 1921-இல் உளவியலாளர் கார்ல் யுங் சொன்ன அகமுகம், புறமுகம் என்ற பிரிவிலிருந்து வளர்ந்த மையர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமைச் சோதனையிலும், சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு வேறு வகை வந்துவிடுகிறது. என் அனுபவத்தில் இந்த வகுப்புகளால் ஒரு நன்மை உண்டு: எல்லோரும் நம்மைப்போலவே கேட்பதில்லை என்ற எண்ணத்தை ஒரே நாளில் விதைத்துவிடுகின்றன. கேடு அதற்கு அடுத்த வாரத்தில் தொடங்குகிறது. டி என்பது டிஸ்கில் ஆதிக்கம் செலுத்துபவர்களுக்கான வகை. "அவரு டி டைப்புங்க, அப்படித்தான் கத்துவாரு" என்று முத்திரையே மன்னிப்பாகிவிடுகிறது. பல்லடம் சகோதரி சொன்ன அந்த மேனேஜருக்கும் இப்படி ஒரு முத்திரை கிடைத்தால் இன்னும் வசதியாகப் போயிருக்கும்.

திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதி

பல்லடம் அக்காவின் கேள்வி நியாயமானது. மேலே இருப்பவருக்கு ஏற்பப் பேசுவது பிழைப்புக்காக எல்லோரும் செய்வது. கீழே இருப்பவருக்கு ஏற்பப் பேசுவதற்குத்தான் நிறுவனம் நேரமும் ஏற்பாடும் ஒதுக்க வேண்டும். எங்கள் ஃபேக்டரியில் புது ஸ்டைல் லைனுக்குப் போகும் முதல் நாளில் பகல் உற்பத்தி இலக்கைக் குறைத்துவிடுகிறோம், தைத்துக் காட்டுவதற்கான நேரம் அதிலிருந்துதான் கிடைக்கிறது. இதற்கு மகன் எக்செல் தாளைப் பார்த்தும், முதலாளி லைனைப் பார்த்தும் சம்மதித்தார்கள். கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியில் இருப்பவர்கள் இங்கே இருந்தால், வீடியோ அழைப்பில் பையரும் தறிக்காரரும் நேருக்கு நேர் பேசும்போது நடுவில் யார் இருக்கிறார்கள், எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதை எழுதுங்கள். எங்களுக்கு அடுத்த சீசனிலிருந்து அந்த ஏற்பாடு வரப்போகிறது.